முதுகெலும்பு ஸ்டீராய்டு ஊசி: முதியோருக்கு ஏற்படும் பக்க விளைவுகள்

இடுப்பில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் வலிக்காக, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு செலுத்தும்போது முதியவர்களுக்கு உண்டாகும் கெடுதல்கள்.

இந்த வழியைத் திறந்தவர்கள் பிரெஞ்சு மருத்துவர்கள். 1901இல் பாரிசில் சிக்கார், கத்லென் இருவரும் தனித்தனியே, வால் எலும்புக்குச் சற்று மேலுள்ள திறப்பின் வழியாகக் கோக்கெய்னைச் செலுத்தினர். கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய ஆய்வுக்காக கெண்டல், ஹெஞ்ச், ரைக்ஸ்டைன் மூவரும் 1950இல் நோபெல் பரிசு பெற்றனர். இரண்டே ஆண்டுகளில் இத்தாலியரான ரொபெக்கியும் காப்ராவும் முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஹைட்ரோகார்ட்டிசோனைச் செலுத்தினர். மருந்து ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும்.

மருந்து அங்கே தங்குவதில்லை, ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகிறது. மறுநாள் முகம் சிவந்து சூடேறும், தூக்கம் கெடும். சர்க்கரை நோயாளியின் குளுக்கோமீட்டர் வழக்கமான 140ஐ விட்டு 250, 300 என்று காட்டலாம். இது இரண்டு மூன்று நாளில் தணியும், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். ரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் ஏறுவதுண்டு. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி மூன்று வாரம் வரை மந்தமாகலாம். அந்த நாட்களில் அறுவை சிகிச்சையோ கடுங்காய்ச்சலோ வந்தால், ஊசி போட்ட விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதியோருக்கு எலும்பிலும் ஆபத்து உண்டு. ஊசி போட்ட 3,000 பேரையும் போடாத 3,000 பேரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு ஊசிக்கும் முதுகெலும்பு முறிவின் அபாயம் 21 விழுக்காடு கூடியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஊசி மருந்தே கெட்டிருந்ததும் உண்டு: 2012இல் மாசசூசெட்சில் தயாரான மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுக் குப்பிகளில் பூஞ்சை கலந்திருந்தது. 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர். முதற்கட்டக் கணக்கில் 64 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபதைத் தாண்டியவர்கள். பார்வை இழப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை அரிதாக நேரலாம் என்று 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மருந்துத் துகள்கள் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியை அடைப்பது இத்தகைய பாதிப்புகளுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. துகளற்ற டெக்சாமெத்தசோன் இந்த வகையில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது.

முதுகெலும்புக் கால்வாய் குறுகிய 400 பேரிடம் நடந்து 2014இல் வெளியான சோதனையில், ஆறாம் வாரத்தில் ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கும் வெறும் மரப்பு ஊசிக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே இந்நோய்க்கு ஸ்டீராய்டு சேர்ப்பதால் கூடுதல் பயன் குறைவு என்றே இச்சோதனை காட்டுகிறது.

இப்போது எக்ஸ்ரே பார்த்தபடியே ஊசி போடுகிறார்கள். பொதுவாக ஆண்டுக்கு மூன்று, நான்குக்கு மேல் போடுவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நோயாளியிடம் முன்னதாகவே விசாரிக்கிறார்கள்.