ஸ்கின்னரின் புறாவும் நம் கைப்பேசியும்



"போனைக் கீழே வைக்க முடியவில்லை சார், மனசு ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். மன உறுதி இல்லை என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். இதன் வரலாற்றைப் பார்த்தால், குற்றம் முழுவதும் உங்களுடையது அல்ல என்று தெரியும்.

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் படித்தவர்களுக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரை மறக்காது. பெட்டிக்குள் ஒரு புறா; சுவரிலுள்ள சிறு வட்டத்தைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து இத்தகைய சோதனைகளை 1957இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானியம் என்றால், புறா தின்றுவிட்டுச் சற்று ஓயும். எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாவிட்டால் ஓயாமல் கொத்தும். தானியத்தை நிறுத்திய பிறகும் எளிதில் விடாது. சூதாட்டம் மனிதனைப் பிடித்து வைப்பதும் இப்படித்தான் என்றார் ஸ்கின்னர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2006இல் ஏசா ரஸ்கின் என்பவர், விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் நீளும் பக்கத்தை வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2007இல் ஐபோன் வந்தது. 2009இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று அந்நிறுவனத்தின் முதல் தலைவர் ஷான் பார்க்கர் 2017இல் ஒப்புக்கொண்டார்.

எப்போது லைக் விழும், யார் பதில் போடுவார் என்று தெரியாமல் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோமே, அது அந்தப் புறாவின் கொத்தல்தான். வராதபோது வருகிற ஏமாற்றத்தை, "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. பிள்ளைகளின் மனம் இதில் இன்னும் சீக்கிரம் வாடும்.

தபால்காரர் வந்த காலத்திலும் கடிதத்துக்காக ஏங்கினோம். ஆனால் அவர் தெருவைக் கடந்துவிட்டால், இனி நாளைக்குத்தான் என்று அவரவர் வேலையைப் பார்த்தோம். அந்த ஓய்வைத்தான் இழந்திருக்கிறோம். அதைத் திரும்பப் பெற வழி உண்டு: அறிவிப்பு ஒலிகளை நிறுத்துங்கள்; பார்ப்பதற்கென்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் முதலில் செய்தால் பிள்ளைகளும் செய்வார்கள்.

கருத்து எழுதுகிறவர்கள் நிதானமாக எழுதுங்கள். நான் நாளை மாலை 6 மணிக்குத்தான் பார்ப்பேன்.