இன்னும் ரெண்டு பாதை!

தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கே ஓடியது தெரியுமா? 1856, ஜூலை 1-ம் தேதி... ராயபுரத்தில் கிளம்பி, திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை! பம்பாய் - தாணே ரயில் ஓடி மூன்றே வருஷத்தில்!

ஆனால், ஊருக்கு ரயில் வருவது வேறு. தினமும் வேலைக்குப் போக உதவுவது வேறு. சென்னையில் பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்தாச்சு. வடக்கே கும்மிடிப்பூண்டியை மின்சார ரயில் எட்டியது 1979-ல். நாற்பத்தெட்டு வருஷ இடைவெளி!

அதோடு தீரவில்லை. திருவள்ளூர் மார்க்கத்தில் நாலு பாதைகள் போட்டார்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் அத்திப்பட்டைத் தாண்டினால், காலங்காலமாக இரண்டே பாதைகள்தான். டெல்லி எக்ஸ்பிரஸ், கொல்கத்தா மெயில், சரக்கு ரயில் எல்லாம் அதிலேயே ஓடவேண்டும். பெரிய வண்டி வந்தால் லோக்கல் ஓரம்கட்டும். உள்ளே இருக்கும் சிப்காட் தொழிலாளிக்கு ஷிஃப்ட் நேரம் போய்விடும். மும்பையில் லோக்கலுக்கென்றே தனிப் பாதைகள் உண்டு. அதுதான் அந்த ஊரின் ரகசியம்!

2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ, 2021-ல் விம்கோ நகரை எட்டியது. கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை நீட்டவும் திட்டம் போட்டாச்சு. சந்தோஷம்! ஆனால், கும்மிடிப்பூண்டிக்காரர் கேட்பது வானத்தில் ஓடும் ரயிலை அல்ல. தரையில், இன்னும் ரெண்டு பாதை!