பஸ்பத்தை யார் டெஸ்ட் பண்ணாங்க? ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

"பஸ்பம், செந்தூரம் எல்லாம் விஷமா டாக்டர்?" இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. இதைப் பொதுவெளியில கேட்டா உடனே ரெண்டு கோஷ்டி வந்துடும். "பாதரசத்தைத் திங்கச் சொல்றவன் கொலைகாரன்"னு ஒரு கோஷ்டி. "ஆயிரம் வருஷமா முன்னோர்கள் சாப்பிட்டதை நேத்து வந்த இங்கிலீஷ் மருந்து கேள்வி கேக்குதா"ன்னு இன்னொரு கோஷ்டி. இந்த மருந்துகளை யார், எப்போ, எப்படி சோதிச்சாங்கன்னு ரெண்டு பேருமே பேச மாட்டாங்க. அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். பழைய வைத்தியர்கள் கண்ணை மூடிக்கிட்டு உலோகத்தைக் கொடுக்கல. சோதிச்சாங்க.

ஆயுர்வேதத்தில் ரச சாஸ்திரம்னு ஒரு தனிப் பிரிவே இருக்கு. பாதரசம், ஈயம், செம்பு, தாளகம் (ஆர்சனிக் சல்பைடு) மாதிரிப் பொருட்களைச் சுத்தி பண்ணி, மூலிகைச் சாறு விட்டு அரைச்சு, புடம் போட்டு மருந்தாக்குற முறை. ரசரத்ன சமுச்சயம் மாதிரி நூல்கள்ல பஸ்பம் பக்குவமா வந்திருக்கான்னு பார்க்க வரிசையா சோதனைகள் உண்டு.

பஸ்பத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா ரேகைக்குள்ள போய் உக்காரணும். தண்ணீர்ல தூவினா மிதக்கணும். மிதக்குற பஸ்பத்து மேல ஒரு நெல்மணியை வெச்சா அதுவும் முங்கக் கூடாது. உலோகப் பளபளப்பு கொஞ்சமும் தெரியக் கூடாது. நெய், தேன், வெல்லம், குன்றிமணி, வெங்காரம் சேர்த்து மறுபடி சூடாக்கினா பழைய உலோகம் திரும்பி வரக் கூடாது. வெள்ளியோட சேர்த்துச் சூடாக்கினா வெள்ளியோட எடை கூடக் கூடாது. ஏன்னா எடை கூடினா, உள்ளே மாறாத உலோகம் மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தாமிர பஸ்பத்துக்கான சோதனை. தயிர்ல போட்டு வெச்சிருப்பாங்க. தயிர் பச்சையாகவோ நீலமாகவோ மாறினா அந்த பஸ்பம் ஆகாது. யோசிச்சுப் பாருங்க. புளிப்புல செம்பு கரையுதான்னு பார்க்குறாங்க. நம்ம இரைப்பையிலயும் அமிலம்தானே இருக்கு! லேப், மெஷின் எதுவும் இல்லாத காலத்துல இப்படிக் கேள்வி கேட்டவங்களைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வராது.

ஆனா இந்தச் சோதனைகள் எல்லாத்தையும் பொடிக்குத்தான் செஞ்சாங்க. சாப்பிட்ட ஆளோட ரத்தத்துல என்ன நடக்குதுன்னு பார்க்க அன்னைக்கு வழி இல்லை.

மிதக்குறதுன்னா பொடி ரொம்ப நைசா இருக்குன்னு அர்த்தம். நைசா இருக்குறது பாதுகாப்புக்கு அத்தாட்சி கிடையாது. சொல்லப் போனா, பொடி நைசாக ஆக அமிலத்துல சீக்கிரம் கரையவும் வாய்ப்பு உண்டு. "உலோகமாத் திரும்பாது"ன்னு நிரூபிச்சா, அது சேர்மமா மாறிடுச்சுன்னு மட்டும்தான் நிரூபணம். அமெரிக்காவுல பழைய வீட்டுச் சுவர்ப் பெயிண்ட்டைச் சுரண்டித் தின்ன குழந்தைகளுக்கு மூளை பாதிச்சதே, அந்தப் பெயிண்ட்ல இருந்ததும் பளபளக்குற ஈயம் இல்லை, ஈயச் சேர்மம்தான்.

இங்க எல்லா உலோகத்தையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது. பாதரசத்தையும் கந்தகத்தையும் அரைச்சா வர்ற கருப்புப் பொடி, கஜ்ஜளி, பாதரச சல்பைடு. அது குடல்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் உறிஞ்சப்படும். மீன்ல சேர்ற மெத்தில் மெர்குரியோட அதை ஒப்பிடுறது தப்பு. ஆயுர்வேத ஆராய்ச்சியாளர்கள் சொல்ற இந்த வாதத்துல நியாயம் இருக்கு. ஈயத்துக்கு அந்தச் சலுகையை என்னால கொடுக்க முடியல. ரத்தத்துல ஏறின ஈயம் எலும்புல போய் உக்காந்தா பல பத்து வருஷம் அங்கேயே இருக்கும்.

இப்போ எங்க பக்கத்துக் குப்பையையும் கிளறிடுறேன். அலோபதி மட்டும் யோக்கியமா?

கலோமெல்னு ஒண்ணு. பாதரச குளோரைடு. சித்த மருத்துவத்துல பூரம்னு சொல்றது இதைத்தான். 18, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய, அமெரிக்க டாக்டர்கள் காய்ச்சல்ல இருந்து வயித்துக் கோளாறு வரை எல்லாத்துக்கும் இதை அள்ளிக் கொடுத்தாங்க. 1793-ல் பிலடெல்பியாவுல மஞ்சள் காய்ச்சல் வந்தப்போ பெஞ்சமின் ரஷ் கொடுத்த முக்கிய மருந்தே இதுதான். பிறகு இது குழந்தைகளுக்குப் பல் முளைக்குறப்போ கொடுக்குற பவுடருக்குள்ள புகுந்துச்சு.

அந்தக் காலத்துல "பிங்க் நோய்"னு ஒண்ணு இருந்துச்சு. கை, கால் சிவந்து வீங்கும். குழந்தை ஓயாம அழும், வேர்க்கும், வெளிச்சத்தைப் பார்க்காது, பல் கொட்டும். இறந்த குழந்தைகளும் உண்டு. வைரஸா, சத்துக் குறைவான்னு பல வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 1940-களில் சின்சினாட்டியில ஜோசப் வார்க்கனி இந்தக் குழந்தைகளோட சிறுநீரைச் சோதிச்சார். பாதரசம்! 1954-ல் பிரிட்டன்ல அந்தப் பவுடர்களை நிறுத்தினாங்க. நோயும் கிட்டத்தட்ட காணாம போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பவுடர் சாப்பிட்ட குழந்தைகள்ல சுமார் 500-ல் ஒருத்தருக்குத்தான் நோய் வந்துச்சு. மீதி 499 அம்மாக்களும் "என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு உண்மையைத்தான் சொல்லியிருப்பாங்க. நம்ம ஊர்ல "எங்க தாத்தா சாப்பிட்டாரு, 90 வயசு இருந்தாரு"ன்னு சொல்றப்போ எனக்கு இந்த 499 பேர் ஞாபகம் வரும்.

சரி, இந்தியச் சட்டம் என்ன பண்ணுச்சு?

1940-ல் மருந்துச் சட்டம் வந்தப்போ ஆயுர்வேத, யுனானி மருந்துகளை வெளியே விட்டுட்டாங்க. 1964-ல்தான் திருத்தம் போட்டு சித்தாவையும் சேர்த்து உள்ளே கொண்டு வந்தாங்க. அப்பவும் அட்டவணையில இருக்குற பழைய நூல்கள்ல ஒரு மருந்தோட செய்முறை இருந்தா அதுவே அத்தாட்சி. 2010-ல் வந்த விதி 158-பியும் அதைத் தொடல. நூல்ல உள்ளபடியே செஞ்சா பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை. நச்சுப் பொருள் பட்டியல்ல உள்ளதைப் போட்டுக் கம்பெனி தன் சொந்த ஃபார்முலாவுல மருந்து தயாரிச்சா மட்டும் ஆய்வு வேணும்.

அந்த நச்சுப் பொருள் பட்டியல்ல பாதரசம், லிங்கம், தாளகம், மனோசிலை, ஈயச் செந்தூரம் எல்லாம் இருக்கு. இதெல்லாம் சேர்ந்த உள்மருந்து பாட்டில்ல "மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளவும்"னு எச்சரிக்கை போடணும்னு விதி. எந்த மொழியில? ஆங்கிலத்துலயும் இந்தியிலயும்! என் ஓபிக்கு வர்ற அறுபது வயசு அம்மாவுக்கு அதை யார் படிச்சுக் காட்டுவாங்க?

அடுத்த திருப்பம் அமெரிக்காவுல இருந்து வந்துச்சு. 2004 டிசம்பர்ல ராபர்ட் சேப்பர் குழு ஜாமா இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க. பாஸ்டனைச் சுத்தி 20 மைலுக்குள்ள இருக்குற கடைகள்ல, தெற்காசியாவுல தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதிச்சாங்க. 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. அதுலயும் 13-ல் ஈயம். இங்க பெரிய கொந்தளிப்பு. "சதி"ன்னாங்க.

2008-ல் அதே குழு இணையத்துல விக்குற 193 மருந்துகளை எடுத்துச்சு. ஐந்துல ஒண்ணுல உலோகம். ரச சாஸ்திர மருந்துகள்ல 40.6 சதவீதம், சரி, அதுல எதிர்பார்க்கலாம். ஆனா அந்த வகையில சேராத மத்த மருந்துகள்லயும் 17.1 சதவீதம்! இன்னொண்ணு, அமெரிக்காவுலயே தயாரிச்சதும் இந்தியாவுல தயாரிச்சதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால "இந்தியச் சரக்கு மோசம்"னு இதைச் சுருக்கவும் முடியாது.

முதல் ஆய்வுக்குப் பிறகு, 2005 அக்டோபர்ல ஆயுஷ் துறை ஒரு உத்தரவு போட்டுச்சு. 2006 ஜனவரி 1 முதல் கன உலோகச் சோதனை கட்டாயம். ஈயம் 10 பிபிஎம், பாதரசம் 1, காட்மியம் 0.3, ஆர்சனிக்குக்கும் ஒரு வரம்பு. இதைத் தாண்டக் கூடாது. நல்ல உத்தரவு. யாருக்கு? ஏற்றுமதியாகுற, மூலிகை மட்டுமே சேர்ந்த மருந்துகளுக்கு.

இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. ஈயம் இருக்கவே கூடாத மருந்தில் ஈயம் இருக்கான்னு பார்த்தோம், அதுவும் வெளிநாட்டுக்காரன் சாப்பிடுறதுக்காக. ஈயத்தைத் தெரிஞ்சே சேர்க்குற மருந்துக்கும், நம்ம ஊர்க் கடையில விக்குறதுக்கும் அந்த உத்தரவுல இடம் இல்லை. இதைக் கேட்டா ஆயுர்வேத எதிரின்னு பட்டம் கொடுக்குறாங்க. சோதிக்காம விட்டதால அடி வாங்குறது, சுத்தமா மருந்து செய்யுற நல்ல வைத்தியரோட பேரும்தான்.

சோதிச்சா என்ன நடக்கும்? சீனாவுல நடந்ததைச் சொல்றேன். 1970-களில் ஹார்பின் நகரத்துல ஜாங் டிங்டாங்னு ஒரு டாக்டர் நாட்டு மருந்து ஒண்ணைக் கையில எடுத்தார். ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் மூணும் சேர்ந்தது. ஒவ்வொண்ணா நீக்கிப் பார்த்தார். பாதரசம் போச்சு, தேரை போச்சு. ஆர்சனிக் மட்டும் தனியா ஒரு குறிப்பிட்ட ரத்தப் புற்றுநோய்ல வேலை செஞ்சது. 2000-ல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி. ஒரு காலத்துல மளமளன்னு உயிரை எடுத்த அந்த ஏபிஎல் வகைப் புற்றுநோய், இன்னைக்குப் பெரும்பாலும் குணமாகுது. ஆர்சனிக் இன்னமும் விஷம்தான். ஆனா எவ்வளவு, எத்தனை நாள், இசிஜியில எதைக் கவனிக்கணும்னு எல்லாம் தெரிஞ்சு கொடுக்குறோம்.

இனி உங்க வீட்டு விஷயம். விடாத வயித்து வலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத ரத்த சோகை, இதோட மணிக்கட்டு தொங்குறது, இப்படி இருந்தா ஈயத்தை நினைக்கணும். தாலுகா ஆஸ்பத்திரியில ரத்த ஈய அளவு பார்க்க வசதி இருக்காது. ஆனா ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்ல பார்த்தா சிவப்பணுவுல நீலப் புள்ளிகள் தெரிய வாய்ப்பு இருக்கு. அது துப்பு. உறுதி பண்ண பெரிய லேபுக்கு அனுப்பலாம். ஈயத்தை உடம்புல இருந்து வெளியேத்த மருந்தும் இருக்கு.

கர்ப்பமா இருக்குறவங்க, கருத்தரிக்க முயற்சி பண்றவங்க கூடுதல் கவனமா இருங்க. எலும்புல இருக்குற ஈயம் கர்ப்ப காலத்துல ரத்தத்துக்கு வரும், நஞ்சுக்கொடியைத் தாண்டும். 2011, 2012-ல் நியூயார்க் நகரத்துல மட்டும் இந்திய ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நச்சு கண்டுபிடிச்சாங்க.

மருந்துப் பெயரைச் சொல்றப்போ ஒரு குழப்பம் வரும். ஆயுர்வேதத்துல நாக பஸ்பம்னா ஈயம். சித்தாவுல நாக பற்பம்னா துத்தநாகம். பேர் ஒண்ணு, உலோகம் வேற. அதனால பேரை மட்டும் சொன்னா எங்களுக்குப் போதாது.

திட்டுவாங்கன்னு பயந்து டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. திட்டுற டாக்டரா இருந்தா வேற டாக்டரைப் பாருங்க. வரும்போது பாட்டிலையும் லேபிளையும் எடுத்துட்டு வாங்க. பொட்டலமா மடிச்சுக் கொடுத்ததா இருந்தா, மிச்சம் இருக்குற பொடியோட அந்தப் பொட்டலத்தையே எடுத்துட்டு வாங்க.