கடற்கரைத் தாது மணல் பிரிப்பு

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் முதலிய தாதுக்களும் குவார்ட்சும் கலந்த கலவை. தாதுக்களின் இயற்பண்பு வேறுபாடுகளே இவற்றைப் பிரிக்க உதவுகின்றன. மணலை நீரோடு திருகுசுருள் சரிவில் வழியவிட்டால், 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்சு வெளிவிளிம்புக்கு ஒதுங்கும். கனமான தாதுக்கள் உட்புறம் தங்கும்.

அடுத்த கட்டமே நுட்பமானது. உலர்ந்த தாதுக்களுக்கு உயர் மின்னழுத்தத்தில் மின்னூட்டம் ஏற்றி, சுழலும் உலோக உருளைமேல் விடுவர். மின்கடத்திகளான இல்மனைட்டும் ரூட்டைலும் மின்னூட்டத்தை உடனே இழந்து தெறித்து விழும். மற்றவை உருளையில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் காந்தம் ரூட்டைலிலிருந்து இல்மனைட்டையும், சிர்கானிலிருந்து மோனசைட், கார்னெட் இரண்டையும் இழுத்தெடுக்கும். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.