பசை ஆங்கர்

கான்கிரீட்டில் துளையிட்டு, எபாக்சி போன்ற பிசினை நிரப்பி, எஃகுத் தண்டைப் பதிக்கும் முறை. ‘கெமிக்கல் ஆங்கர்’ என்றும் சொல்வர். தூத்துக்குடி போன்ற உப்புக்காற்றும் கடும் வெயிலும் உள்ள இடத்தில், இழுவலிமையை மட்டும் பார்த்துப் பிசினைத் தேர்வது போதாது. ஓயாத இழுசுமையில் பிசின் மெல்ல நெகிழும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். 2006இல் அமெரிக்காவின் பாஸ்டன் சுரங்கச்சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒருவர் இறந்தார். விரைவில் இறுகும் எபாக்சியின் இந்த நெகிழ்வே அதற்குக் காரணம் என்று விசாரணை கண்டது. ஆகவே, பிசின் இன்றித் துளைக்குள் விரிந்து பிடிக்கும் விரிவு போல்ட்டே பாதுகாப்பானது என்பர் சிலர். தலைக்கு மேல் நிரந்தரமாகத் தொங்கும் சுமைக்கு அது நியாயமான வாதம். ஆனால் விரிவு போல்ட் கான்கிரீட்டைப் பக்கவாட்டில் நெருக்குவதால், தளத்தின் விளிம்பில் பிளவு வரலாம். கைப்பிடிக் கம்பி போன்ற விளிம்பு வேலைகளுக்குப் பசையே பெரும்பாலும் பொருந்தும். கடல்நீர் தெறிக்குமிடத்தில் தண்டு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. துளையைத் தூரிகையால் தேய்த்துக் காற்றூதித் தூசு நீக்காவிட்டால், எந்தப் பிசினும் சரிவரப் பிடிக்காது.