தெரிவுப் பேச்சின்மை: இளம்பிள்ளைகளுக்கான நடத்தை சிகிச்சை

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை, அங்கன்வாடி, பள்ளி, கடை, உறவினர் வீடு போன்ற சில இடங்களில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேச முடியாமல் போவது தெரிவுப் பேச்சின்மை எனப்படும். மருத்துவர்கள் இதை செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். பெரும்பாலும் 5 வயதுக்குள் தொடங்கிவிடும். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகே வெளியே தெரியவரும். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் இப்படிப்பட்ட பிள்ளையை மலையாளத்தில் ‘மிண்டாப்பூச்ச’ என்றும் தமிழில் ‘அழுத்தக்காரி’ என்றும் சொல்லிவிடுவார்கள். வீம்பு, திமிர், வளர்ப்புக் குறை ஆகிய மூன்றுமே இதற்குக் காரணமல்ல. காரணம் பதற்றம்.

வரலாறு

1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், பேச்சுக் கோளாறுகள் பற்றிய தம் நூலில் இந்நிலையை விருப்பத்தால் வரும் பேச்சிழப்பு என்று வகைப்படுத்தினார். சுவிட்சர்லாந்தின் குழந்தை மனநல மருத்துவர் மோரிட்ஸ் டிராமர் 1934இல் ‘எலெக்டிவ் மியூட்டிசம்’ என்ற பெயரைத் தந்தார். இரண்டு பெயர்களுமே குழந்தை வேண்டுமென்றே பேச மறுக்கிறது என்று கருதியவை. அதனால் பல பத்தாண்டுகள் குடும்ப ரகசியத்தையும் தாயின் குணத்தையும் துருவுவதே சிகிச்சை என்றாயிற்று. பிள்ளைகள் பேசவில்லை, தாய்மார் பழி சுமந்தார்கள்.

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் இந்த வழியை முறையான சிகிச்சையாக வகுத்தார். 1973இல் வுல்பெர்ட்டும் அவருடைய குழுவினரும் 6 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதையே பேச்சுக்குப் பயன்படுத்தினர். அவள் தாயோடு பேசிக்கொண்டிருக்க, அந்நியர் ஒருவர் படிப்படியாக நெருங்கி வந்தார். பேசினால் பரிசு, பேசாவிட்டால் சிறு தண்டனை என்ற ஏற்பாடு மட்டும் தனித்துப் பலிக்கவில்லை. அந்நியர் மெல்ல நெருங்கிய முறையோடு சேர்ந்தபோதுதான் பலித்தது. மிட்டாய் காட்டிப் பேசவைக்க முயலும் பெரியவர்கள் இன்றும் அறிய வேண்டிய முடிவு இது.

வகைப்பாடு பின்தங்கியே வந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இதைச் சேர்த்தபோது டிராமரின் பெயரையே வைத்துக்கொண்டது. 1994இல் இன்றைய பெயருக்கு மாறியது. 1995இல் பிளாக், உடே ஆகியோர் ஆராய்ந்த 30 குழந்தைகளில் ஏறக்குறைய அனைவருக்கும் சமூக அச்சம் இருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்ததும், வீம்பா பதற்றமா என்ற பழைய வழக்கு முடிந்தது.

சிகிச்சை முறை

யாராவது கேள்வி கேட்கிறார்கள். பிள்ளை உறைந்து நிற்கிறது. ‘அவளுக்குக் கூச்சம்’ என்று அம்மாவோ பாட்டியோ பதில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கு நிம்மதி, பெரியவருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் மௌனத்தை வளர்க்கிறது. எனவே பெரியவர் முந்திப் பதில் சொல்லிக் காப்பாற்றும் இந்த வழக்கத்தைச் சிறிது சிறிதாக விலக்குவதே நடத்தை சிகிச்சையின் வேலை.

முதலில் பேச்சை எதிர்பார்க்காத விளையாட்டு. சிகிச்சையாளர் கேள்வியே கேட்பதில்லை. பிள்ளை செய்வதை மட்டும் வாய்விட்டுச் சொல்கிறார்: ‘சிவப்புக் கட்டையை மேல வைக்கிற.’ பிள்ளை இளகிய பிறகு கேள்வி வரும். தலையாட்டிச் சமாளிக்கக்கூடிய ஆம்-இல்லைக் கேள்வி கூடாது, ‘சிவப்பா, நீலமா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டபின் 5 நொடியாவது காத்திருக்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்கள் தோற்பது இந்த 5 நொடியில்தான். பதில் வந்தால் ஆரவாரம் வேண்டாம். ‘நீலம்னு சொன்னியே, நல்லது’ என்பது போதும்.

பள்ளியில் வேலை மாலை நேரத்துக் காலி வகுப்பறையில் தொடங்குகிறது. தாயும் பிள்ளையும் மாறி மாறி ஒன்று, இரண்டு என எண்ணுகிறார்கள். டீச்சர் முதலில் வராந்தாவில், மறுமுறை வாசலில், பிறகு உள்ளே. கடைசியில் அவரும் சேர்ந்து எண்ணுகிறார். அதன் பிறகு தாய் வெளியேறத் தொடங்குகிறார். ஒரு படியில் குரல் நின்றால் முந்திய படிக்குத் திரும்புவார்கள். டீச்சரிடம் பேசிவிட்ட பிள்ளை பெட்டிக்கடையிலும் பேசும் என்று நம்பக்கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஆளுக்கும் தனிப் பயிற்சி தேவை. மருத்துவரைவிடத் தாயும் டீச்சருமே அதிகம் உழைக்கும் சிகிச்சை இது.

நார்வேயில் ஓர்பெக் குழுவினர் வீட்டிலும் பள்ளியிலும் இவ்வாறு சிகிச்சை அளித்த 30 குழந்தைகளில் 21 பேர் 5 ஆண்டுகளுக்குப் பிறகு முழுமையாக மீண்டிருந்தனர். சிறு வயதில் தொடங்கியவர்களுக்கே பலன் அதிகம். ஃபுளூவாக்ஸடின் போன்ற மருந்துகள், இதில் தேறாத சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கே உரியவை.

இருமொழிச் சூழல்

மொழிவழி மாநிலப் பிரிப்பில், 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. திருப்புறம் போன்ற ஊர்களைக் கொண்ட இவ்வெல்லைப் பகுதியில், வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் மலையாளமும் கேட்கும் பிள்ளை சில மாதங்கள் பேசாமல் இருப்பது மொழி கற்பதன் இயல்பான ஒரு கட்டம். அது நோயல்ல. பள்ளியின் முதல் மாத மௌனத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டுக்கு வெளியே தமிழிலும் பேசவில்லை, மௌனம் நீண்டுகொண்டே போகிறது என்றால்தான் ஐயப்பட வேண்டும். எனினும் அலட்சியமும் ஆகாது: இஸ்ரேலில் எலிசூர், பெரட்னிக் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் குழந்தைகளில் 0.76 சதவீதமாக இருந்த இக்கோளாறு, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் 2.2 சதவீதமாக இருந்தது.

வசதிகள்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் குழந்தை வளர்ச்சி மையமும், ஆக்குளத்தில், 1997இல் தொடங்கப்பட்ட ‘நிஷ்’ என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இயங்குகின்றன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் மொழி வளர்ச்சித் தாமதம் உண்டு. தெரிவுப் பேச்சின்மை இல்லை.