பழைய மடக்குக்கத்திகள்: வரலாறும் சேகரிப்பும்

மடக்குக்கத்தி என்பது, அலகு பிடியினுள் மடங்கி அடங்குமாறு தறையாணி ஒன்றில் பொருத்தப்பட்ட சிறு கத்தியாகும். இதன் சிறிய வகை, இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டமையால் பேனாக்கத்தி எனப்பட்டது. அன்றாடக் கருவியாக இருந்து தேய்ந்தும் தொலைந்தும் போவதற்கே உரிய இப்பொருள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாணயம், கடிகாரம் ஆகியவற்றைப் போலத் தனித்த சேகரிப்புத் துறையாக வளர்ந்தது.

தோற்றம்

அறியப்பட்ட மிகப் பழைய மடக்குக்கத்திகளுள் ஒன்று ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் பகுதியில் கிடைத்தது. எலும்புப் பிடியும் ஒற்றை அலகும் கொண்ட அது ஏறத்தாழ கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. உரோமானியர் எலும்பு, தந்தம், வெண்கலம் ஆகியவற்றில் விலங்குருவும் மனித உருவும் செதுக்கிய பிடிகளை அமைத்தனர். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலுள்ள, கரண்டி, முட்கரண்டி, ஊசிமுனை முதலியவை அலகுடன் சேர்ந்து மடங்கும் வெள்ளிக் கருவி கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கு உரியதென அவ்வருங்காட்சியகம் குறிக்கிறது. இடைக்காலத்திலும் மடக்குக்கத்திகள் வழங்கின எனினும், அக்காலத்தவர் பெரிதும் உறையிலிட்டு இடையில் தொங்கவிட்ட நிலைக்கத்திகளையே கையாண்டனர்.

தொடக்ககாலக் கத்திகளில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்தியது தறையாணியின் உராய்வு மட்டுமே. பிடியின் முதுகில் எஃகு வில்பட்டை ஒன்றை வைத்து, அதன் அழுத்தத்தால் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்தும் முறை பின்னர் வந்தது. இது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது என்பது பெரும்பாலோர் கருத்து. அதற்கும் முன்னரே சிற்சில இடங்களில் வழங்கியிருக்கலாம் என்போரும் உளர்.

ஷெஃபீல்டு

மடக்குக்கத்தி வரலாற்றில் மிகுந்த ஆவணங்கள் உள்ள பகுதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சார்ந்தது. டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் ஆகிய ஆறுகளின் விசையால் சுழன்ற சாணைச் சக்கரங்களும், அச்சக்கரங்களுக்கு உகந்த மணற்கல் அருகிலேயே கிடைத்தமையும் இத்தொழிலை அங்கு நிலைபெறச் செய்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய கதைத்தொகுப்பிலேயே ஷெஃபீல்டுக் கத்தி குறிக்கப்படுகிறது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் கழகம் நிறுவப்பட்டு, ஒவ்வொரு கைவினைஞரும் தம் பொருளில் பொறிக்க வேண்டிய குறியைப் பதிவு செய்யும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலச் சேகரிப்போர் ஒரு கத்தியின் காலத்தையும் பட்டறையையும் அறிய இப்பதிவுகளே முதன்மைச் சான்றாயின. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரக் கைவினைஞர், மண்குகையில் எஃகை முழுதும் உருக்கிச் சீரான தன்மை பெறச் செய்யும் முறையை வகுத்தார். உள்ளூர்க் கத்தித் தொழிலாளர் தொடக்கத்தில் அதனை ஏற்க மறுத்தனர் என்பதும், பிரெஞ்சுப் போட்டியாளர் அதனை வாங்கிய பின்னரே மனம் மாறினர் என்பதும் மரபாக வழங்கும் செய்தி.

ஒரு மடக்குக்கத்தி பல கைகளைக் கடந்தே உருப்பெற்றது. கொல்லர் அலகை அடித்து வடிக்க, சாணைக்காரர் அதனைத் தீட்ட, பொருத்துநர் அலகு, வில்பட்டை, உட்தகடு, பிடித்தகடு ஆகியவற்றைக் கூட்டிச் சேர்த்தார். பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துத் தனித்தோ இரண்டொருவருடன் சேர்ந்தோ உழைத்த சிறு கைவினைஞர் ‘லிட்டில் மெஸ்டர்’ எனப்பட்டனர். சாணைக்காரரின் வாழ்நாளைக் கல்தூசும் எஃகுத்தூசும் குறுக்கின. அவர்தம் நுரையீரல் நோயை ஷெஃபீல்டு மருத்துவர் கால்வர்ட் ஹாலண்ட் 1843இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்தார்.

19ஆம் நூற்றாண்டில் புகழின் உச்சியில் நின்றது ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனம். இது தன் தோற்றத்தை 1682 எனக் கூறிக்கொண்டது; நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த அதன் குறியோ 1764க்கு உரியதென்பர். 1822இல் அரச ஆதரவு பெற்ற இந்நிறுவனம், அவ்வாண்டின் எண்ணுக்கேற்ப 1822 அலகுகள் கொண்ட ‘ஆண்டுக் கத்தி’யைச் செய்து தன் காட்சிக்கூடத்தில் வைத்தது, பின்னர் காலம் செல்லச் செல்ல அதில் அலகுகள் கூட்டப்பட்டன. 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சிக்காக அது செய்த நார்ஃபோக் கத்தி 75 அலகுகளும் கருவிகளும் முத்துச்சிப்பிப் பிடியும் கொண்டது; அதன் அலகுகள்மீது காட்சிகள் அமிலத்தால் பொறிக்கப்பட்டுள்ளன. எந்தப் பையிலும் அடங்காத இப்பைக்கத்தி இன்றும் ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளர் மன்றத்தில் உள்ளது. ராட்ஜர்ஸின் போட்டியாளரான ஜார்ஜ் வாஸ்டன்ஹோம், ‘ஐ எக்ஸ் எல்’ குறியுடன் அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து, தம் தொழிற்சாலைக்கே வாஷிங்டன் வொர்க்ஸ் எனப் பெயரிட்டார்.

பிடிக்கு வேண்டிய பொருள்கள் தொலைநாடுகளிலிருந்து வந்தன. யானைத் தந்தம், எருமைக் கொம்பு, முத்துச்சிப்பி, ஆமையோடு ஆகியவற்றுடன், இந்தியக் கடமானின் கொம்பும் பேரளவில் இறக்குமதியாயிற்று. கரடுமுரடான வரிகளும் மஞ்சட்பழுப்பு நிறமும் கொண்ட இக்கொம்புப் பிடி, பழைய கத்திகளில் இன்றும் மிக விரும்பப்படும் ஒன்று. இந்தியா இக்கொம்பின் ஏற்றுமதியை 1990களின் பிற்பகுதியில் தடை செய்தது.

1890இல் அமெரிக்கா இயற்றிய மக்கின்லி சுங்கச் சட்டம் ஷெஃபீல்டின் ஏற்றுமதியைக் கடுமையாகத் தாக்கியது. 1891 முதல் இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் எனவும் அச்சட்டம் விதித்தது. எனவே ‘இங்கிலாந்து’ என்னும் சொல் அலகில் இருப்பின் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. இல்லாமையை மட்டும் கொண்டு முற்பட்டது எனத் துணிதல் இயலாது, ஏனெனில் உள்நாட்டு விற்பனைக்கான கத்திகளுக்கு அவ்விதி பொருந்தவில்லை. விக்டோரியா அரசியின் பெயரெழுத்துகளும் மகுடமும் 1901 வரையிலான ஆட்சிக்காலத்தைச் சுட்டுவது இதனினும் தெளிவான சான்றாகும்.

அமெரிக்கா

சுங்கத் தடையின் நிழலில் அமெரிக்கத் தொழில் வளர்ந்தது. மாசசூசெட்ஸின் ஜான் ரசல் நிறுவனம், நீண்ட முனைக்காப்பும் எலும்புப் பிடியும் கொண்ட பார்லோ என்னும் மலிவான கத்தியைப் பெருமளவில் விற்றது. இவ்வடிவத்தை 17ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டின் பார்லோ குடும்பத்தினர் தோற்றுவித்தனர் என்பர். அது உறுதியாக நிறுவப்படவில்லை. 1876இல் வெளிவந்த மார்க் ட்வெய்னின் ‘டாம் சாயர்’ புதினத்தில் சிறுவன் டாம் பரிசாகப் பெறுவது பார்லோ கத்தியே. துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் 1920 முதல் 1940 வரை செய்த கத்திகளுள், பிடியில் தோட்டா வடிவச் சின்னத்தகடு பதித்தவை உயர்ந்த விலை பெறுகின்றன. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் நிலைகொண்ட கேஸ் நிறுவனத்தின் எண்முறை குறிப்பிடத்தக்கது: முதல் இலக்கம் பிடியின் பொருளையும் அடுத்தது அலகுகளின் எண்ணிக்கையையும் ஏனையவை வடிவத்தையும் குறிக்கும். 1970இல் அந்நிறுவனம் முத்திரையின்கீழ்ப் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுதோறும் ஒன்றைக் குறைத்து வந்தது.

பிற நாடுகள்

ஜெர்மனியின் சோலிங்கனும் பிரான்சின் தியேரும் நெடிய மரபுடையவை. லகியோல் கத்தியின் முதல் வடிவம் ஏறத்தாழ 1829இல் பியேர் ழான் கால்மெல்ஸால் அமைக்கப்பட்டதாகக் கூறுவர். அதன் முதுகிலுள்ள தேனீயை நெப்போலியன் அளித்தார் என்னும் கதைக்குச் சான்றில்லை. சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் அமைத்த மரப்பிடிக் கத்தி, 1955இல் பூட்டு வளையம் பெற்றது. சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1891இல் படைக்குக் கத்தி வழங்கத் தொடங்கி, 1897இல் அதிகாரிகளுக்கான பல்கருவிக் கத்திக்கு உரிமம் பெற்றார். ஜப்பானின் ஹிகோனோகாமியும் இந்தியாவின் ராம்பூர்க் கத்தியும் இவ்வரிசையில் சேர்பவை.

சேகரிப்பும் மதிப்பீடும்

அமெரிக்காவில் சேகரிப்புத் துறை அமைப்பாக உருவெடுத்தது 1970களில். துப்பாக்கி வாணிகத்தைக் கட்டுப்படுத்திய 1968ஆம் ஆண்டுச் சட்டம் வணிகர்களைக் கத்திகளின்பால் திருப்பியது என்பர்; அது மட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1985இல் வெளிவந்த பெர்னார்ட் லெவைனின் வழிகாட்டி நூல் துறையின் சொற்களையும் மதிப்பீட்டையும் ஒழுங்குபடுத்தியது.

மதிப்பீட்டில் முதலிடம் பெறுவது அலகின் முழுமை. பலகால் தீட்டி மெலிந்த அலகு மதிப்பிழக்கும். அலகின் அடிப்பகுதியிலுள்ள முத்திரை, நகத்தால் இழுத்துத் திறக்கும் நகக்குழியின் வடிவம், பிடித்தகட்டின் விரிசல் ஆகியவை அடுத்து நோக்கப்படும். வில்பட்டையின் இயக்கத்தை அமெரிக்கச் சேகரிப்போர் ‘வாக் அண்ட் டாக்’ என்பர்: அலகு தடங்கலின்றி நகர்வது முதற்பாதி, உரிய இடத்தில் ‘டக்’கென அமர்வது மறுபாதி. நூறாண்டு கடந்த கத்தியிலும் அவ்வொலி மங்காதிருப்பது, வில்லைப் பதப்படுத்திய கையின் திறத்துக்குச் சான்று. துருவை மெருகேற்றி நீக்குவதைத் தேர்ந்தவர் விரும்புவதில்லை. சாம்பல்நிறப் படலம் முத்திரையைக் காக்க, மெருகோ அதனை அழித்துவிடும். செல்லுலாய்டுப் பிடிகள் சிதையும்போது வெளிப்படும் அமில ஆவி அருகிலுள்ள கத்திகளையும் அரிக்குமாதலால், அவை தனியே வைக்கப்படுகின்றன. வெவ்வேறு கத்திகளின் உறுப்புகளைக் கூட்டி ஒன்றாக்குதலும் முத்திரையைப் புதிதாகப் பொறித்தலும் பரவலான மோசடிகள்.

அண்மைக்காலம்

ஷெஃபீல்டின் பழைய முறையைப் பின்பற்றிய கடைசித் தலைமுறையினருள் ஸ்டான் ஷா (1926–2021) பெயர்பெற்றவர். அந்நகரின் கருவிகளும் கத்திகளும் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தின் ஹாலி தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன. 2022இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியத் தந்தச் சட்டம், 1947க்கு முற்பட்டனவும் தந்தம் பத்து விழுக்காட்டுக்குக் குறைந்தனவுமான பொருள்கள் முதலிய சில விலக்குகளைத் தவிர, தந்தப் பொருள்களின் விற்பனையைத் தடுக்கிறது. முழுத் தந்தப் பிடியுடைய பல பழைய கத்திகள் இவ்வளவுக்குள் அடங்குவதில்லை.